முடிச்சிடலாம் சார்

காலை ஒன்பதே முக்கால். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடி. காபி மெஷினுக்கும் மீட்டிங் ரூமுக்கும் நடுவே இருக்கிற சின்ன இடத்தில் பதினான்கு பேர் தினசரி ஸ்டாண்டப்புக்காக, அதாவது நின்றபடியே நடக்கிற சின்னக் கூட்டத்துக்காக, வட்டமாக நிற்கிறார்கள், ஆனால் எல்லார் முகமும் டெலிவரி மேனேஜர் நிற்கிற பக்கம் திரும்பியிருக்கிறது. அந்த டீமோடு எனக்கு அது முதல் நாள், அதனால் ஒன்றும் பேசாமல் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "நேத்து பேமெண்ட் ஸ்டோரில வேலை பார்த்தேன், இன்னிக்கும் அதேதான், நோ பிளாக்கர்ஸ்." ஸ்டோரி என்றால் செய்ய வேண்டிய ஒரு வேலைத் துண்டு, நோ பிளாக்கர்ஸ் என்றால் தடை எதுவும் இல்லை. அடுத்தவர். "நேத்து டிஃபெக்ட் ஃபிக்ஸ், இன்னிக்கும் டிஃபெக்ட் ஃபிக்ஸ், நோ பிளாக்கர்ஸ்." மேனேஜர் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் டீம் லீடைப் பார்த்து, "வியாழக்கிழமை ரிலீஸ் ஓகேதானே?" என்றார். "முடிச்சிடலாம் சார்" என்றார் லீட்.

வியாழக்கிழமை ரிலீஸ் போகவில்லை. பேமெண்ட் பகுதி வெளியே இருக்கிற ஒரு டெஸ்ட் சர்வரோடு பேச வேண்டும், அந்த சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி இணைப்பே கிடைக்கவில்லை. அதைப் புதுப்பிக்க வேண்டியது கிளையண்ட் பக்கத்தில் இருக்கிற வேறொரு டீம், ஒரு மெயில் போட்டிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். எங்கள் டீமில் இரண்டு டெவலப்பர்களுக்கு இந்த விஷயம் ஆறு நாளாகத் தெரியும். ஆறு நாளும் காலையில் வந்து நின்று "நோ பிளாக்கர்ஸ்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அவர்களில் ஒரு பையனோடு மதியம் கேண்டீனில் உட்கார்ந்தபோது, ஏம்ப்பா சொல்லலை என்று கேட்டேன். அவனும் மறைக்காமல் சொன்னான். "சொன்னா என்ன ஆகும் மேம்? இத்தனை நாள் என்ன பண்ணேன்னு என்னைத்தான் கேப்பாங்க. எப்படியாவது நாமளே சரி பண்ணிடலாம்னு பார்த்தேன்."

நான் 2004-ல் டெஸ்டராக வேலைக்குச் சேர்ந்தவள். பத்து வருடத்துக்கு மேலாக டீம்களுக்கு அஜைல் கோச்சாக இருக்கிறேன். அஜைல் என்பது மென்பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்து காட்டி, கருத்துக் கேட்டுத் திருத்திக்கொண்டே போகிற முறை. வங்கி, காப்பீடு, சில்லறை வணிகம் என்று பல டீம்களைப் பார்த்துவிட்டேன், ஒவ்வொன்றிலும் பிரச்சினை வேறு மாதிரி தெரியும், ஆனால் கொஞ்சம் தோண்டினால் அடியில் இந்த வாக்கியம் கிடக்கும். முடிச்சிடலாம் சார்.

இதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்கிறவர் அந்த நிமிடம் அதை நம்பித்தான் சொல்கிறார். சொன்னதற்காக ராத்திரி பத்து மணி கேப் பிடிப்பார், சனிக்கிழமை வருவார், குழந்தையின் ஆண்டு விழாவைத் தவறவிடுவார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் "புரிஞ்சுது சார்" என்று சொல்லும், புரியாத பிள்ளை, தனக்கு மட்டும்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அதையே சொல்லும். பதினைந்து வருடம் அப்படிப் பழகிவிட்டு வருகிறவர்கள் நாம். பெரியவர் ஒருவர் முகத்துக்கு நேராகக் கேட்கும்போது "முடியாது", "தெரியலை" என்று சொல்வது நமக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது. இந்த மண்ணில் அஜைல் வேர் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் இந்த இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும் என்பது என் அனுபவம். ஆனால் பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு நாள் சான்றிதழ் வகுப்பு, வேலைகளைப் பட்டியலிட்டுப் பின்தொடர்கிற ஜிரா மென்பொருளுக்கு லைசென்ஸ், கூடவே ஒரு புது காலண்டர் இன்வைட் என்று ஆரம்பித்துவிடுகின்றன.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் பதினேழு பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். நான்கு மதிப்புகள், பிறகு பன்னிரண்டு கொள்கைகள். அதில் ஸ்டாண்டப் என்ற சொல்லே கிடையாது, சில வார வேலைச் சுற்றைக் குறிக்கிற ஸ்பிரிண்ட் கிடையாது, ஒரு வேலை எவ்வளவு பெரிது என்பதற்குப் போடுகிற ஸ்டோரி பாயிண்ட் எண் கிடையாது. அந்தப் பதினேழு பேரும் அதற்கு முன்பே வேறு வேறு முறைகளில் வேலை செய்து பார்த்தவர்கள். ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வேபரும் வேலையைக் குறுகிய சுற்றுகளாகப் பிரித்துச் செய்கிற ஸ்கிரம் முறையை 1995-லேயே ஒரு மாநாட்டில் முன்வைத்துவிட்டார்கள். கென்ட் பெக் கிரைஸ்லர் கார் கம்பெனியின் சம்பளப் பட்டியல் மென்பொருளில் எக்ஸ்ட்ரீம் ப்ரோக்ராமிங் என்ற இன்னொரு முறையை வளர்த்தபோது, அந்த மென்பொருளைப் பயன்படுத்தப் போகிறவர்களின் பிரதிநிதி அதே அறையில் டெவலப்பர்களோடு உட்கார்ந்திருந்தார். சந்தேகம் வந்தால் நாற்காலியைத் திருப்பிக் கேட்டுவிடலாம். நம் கதை வேறு. கேட்க வேண்டியவர் அமெரிக்கக் கிழக்குக் கரையில், கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறார். அவருக்கும் டெவலப்பருக்கும் நடுவில் ஆன்சைட் ஒருங்கிணைப்பாளர், ப்ராஜெக்ட் மேனேஜர், டீம் லீட் என்று மூன்று பேர். தேதியும் தொகையும் போட்டுக் கையெழுத்தான ஒப்பந்தம் அதற்கெல்லாம் மேலே. ஒவ்வொரு படியிலும் ஒரு "முடிச்சிடலாம்" சேர்ந்து கிளையண்டுக்குப் போய்ச் சேரும்போது அது "முடிஞ்சாச்சு" என்றே ஆகியிருக்கும்.

அந்த ஆறாவது மாடி டீமில் நான் முதலில் பேசியது டெவலப்பர்களோடு இல்லை, மேனேஜரோடு. கீழே சாலையோரத்தில் ஒரு டீக்கடை, சாயங்காலம் நாலரைக்கு ஐடி ஆட்கள் ஐம்பது பேராவது நிற்பார்கள். அவருக்குச் சர்க்கரை இல்லாமல், எனக்கு ஸ்ட்ராங்காக. நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: உங்களுக்குக் கெட்ட செய்தி வந்தால் அதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்ய வேண்டியிருக்கிறது? அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஃபோனை எடுத்து ஒரு எக்செல் ஷீட்டைக் காட்டினார். பதினெட்டு வரி, ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை. செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு கிளையண்ட் காலில் அதைத் திறந்து வைக்க வேண்டும். "ஒரு வரி சிவப்பு போட்டா அந்த வாரம் மூணு எஸ்கலேஷன் கால் மேடம். என் பாஸ் ஒண்ணு, அவரோட பாஸ் ஒண்ணு, கிளையண்ட் ஒண்ணு. அதுக்கு ஸ்லைடு வேற. அந்த நேரத்துல நான் பிரச்சினையைத் தீர்த்துடுவேன்னு பச்சையே போட்டுடறேன்."

எங்கள் தொழிலில் இதைத் தர்பூசணி ரிப்போர்ட் என்பார்கள், வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. அந்தப் பையன் கேண்டீனில் சொன்னதையும் இவர் டீக்கடையில் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வார்த்தைகூட மாறவில்லை. பயம் ஒரு மாடியில் இல்லை, எல்லா மாடியிலும் இருக்கிறது. டெவலப்பரிடம் மட்டும் "தைரியமா சொல்லுங்க" என்று பேசுகிற கோச், அவனை மட்டும் முன்னால் தள்ளிவிட்டுத் தான் ஒதுங்கி நிற்கிறார் என்றுதான் அர்த்தம். அதனால் அந்த மேனேஜரின் பாஸையும் போய்ப் பார்த்தேன். சிவப்பு போட்டால் கூட்டம் கூட்டாமல், என்ன உதவி வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கும்படி வேண்டிக்கொண்டேன். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். டொயோட்டா கார் தொழிற்சாலையில் வேலையாளுக்குச் சந்தேகம் வந்தால் தலைக்கு மேலே இருக்கிற கயிற்றை இழுப்பார். இழுத்த உடனே குழுத் தலைவர் அவர் நிற்கிற இடத்துக்கு வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால்தான் லைன் நிற்கும். கயிறு கட்டிவிடுவது சுலபம். இழுத்தால் திட்டுவதற்கு ஆள் வராமல் உதவிக்கு ஆள் வருகிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்புறம் ஸ்டாண்டப். "நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், தடை என்ன" என்ற மூன்று கேள்வியை வேதம் போலப் பிடித்துக்கொண்டிருக்கிற டீம்கள் நிறைய. ஸ்கிரம் கையேட்டின் 2020 பதிப்பிலேயே அந்த மூன்று கேள்வியும் இல்லை, எடுத்துவிட்டார்கள். நான் ஆட்களைக் கேட்பதை நிறுத்தி, ஒரு வேலைக்கு ஒரு கார்டு என்று போர்டில் இருக்கிற கார்டுகளைக் கேட்கச் சொன்னேன். அதுவும் வலது ஓரத்திலிருந்து, அதாவது முடியப் போகிற கார்டிலிருந்து ஆரம்பித்து. "நீ என்ன பண்ணே" என்று கேட்டால் ஒருவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. "இந்த கார்டு ஏன் நாலு நாளா இங்கேயே இருக்கு" என்று கேட்டால் பழி யார் மேலும் விழுவதில்லை, நான்கு பேர் சேர்ந்து கார்டைப் பார்க்கிறார்கள். மேனேஜரை வட்டத்துக்கு வெளியே நிற்கச் சொன்னேன், நோட்டு இல்லாமல். முதல் வாரம் அவருக்குக் கை வைக்க இடம் தெரியவில்லை. டெவலப்பர்கள் பேசும்போது பழக்கத்தில் அவர் பக்கம் திரும்புவார்கள், அவர் போர்டைக் கைகாட்டுவார். அவர் செய்ததுதான் அந்த மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம், மொழி. இதைப் பற்றி எங்கள் வகுப்புகளில் யாரும் பேசுவதில்லை, எனக்கே வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. "நோ பிளாக்கர்ஸ்" என்று இங்கிலீஷில் சொல்லும்போது அது ஒப்பித்தல், நாக்கு தானாகச் சொல்லிவிடும். அதே பையன் காபி மெஷின் பக்கத்தில் நண்பனிடம் "மச்சான், ஒரு எடத்துல மாட்டிக்கிட்டேன்டா" என்கிறான். பிளாக்கர் என்றால் யாரோ வெளியிலிருந்து அடைத்துவிட்டார்கள் என்று குற்றம் சாட்டுவது போல இருக்கிறது, ஆதாரம் காட்ட வேண்டும். மாட்டிக்கிட்டேன் என்பதில் யார் மேலும் குற்றமில்லை, கேட்டவன் உடனே "எங்கடா?" என்று எழுந்து வருவான். ஸ்டாண்டப்பில் "பிளாக்கர் இருக்கா?" என்பதை விட்டுவிட்டு "யாராவது எங்கேயாவது மாட்டிக்கிட்டு இருக்கீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தேன். டீமில் இரண்டு தெலுங்குக்காரர்கள், ஒரு மலையாளி, ஒரு ஒடியாக்காரர், அவர்களுக்கும் அந்த ஒரு சொல்லை டீமே கற்றுக்கொடுத்துவிட்டது. மூன்றாவது வாரத்தில் ஒடிசா பையன் "நான் மாட்டிக்கிட்டேன்" என்றான், வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி. ரெண்டு பேர் அவன் சிஸ்டத்தை நோக்கி நடந்தார்கள்.

ஒரு வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று போடுகிற மதிப்பீட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் "முடிச்சிடலாம்" பிறக்கிற இடமே அதுதான்.

வேலை எவ்வளவு பெரிது என்று ஒவ்வொருவரும் எண் சீட்டு வைத்துச் சொல்கிற பிளானிங் போக்கர் விளையாடும்போது நான் சீட்டுகளைவிட கைகளைத்தான் பார்ப்பேன். ஒரு நாள் சாதாரண ரிப்போர்ட் ஸ்கிரீன் ஒன்றுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் சீட்டைத் திருப்பினார்கள். லீட் 3. இன்னும் நான்கு பேர் 3, ஒருவர் 5. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண், சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, 13 வைத்திருந்தாள். லீடின் 3-ஐப் பார்த்த நொடியில் அவள் கை மேசைக்குக் கீழே போய்விட்டது, மேலே வந்தபோது அதில் 5 இருந்தது. நான் பார்த்துவிட்டேன். அவளுக்கும் தெரிந்துவிட்டது. "பழைய சீட்டு என்னம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினாள், பிறகு சொன்னாள். அந்த ரிப்போர்ட் எடுக்கிற தரவுத்தள நிரல் இரண்டாயிரம் வரிக்கு மேல், அதில் ஒரு வரி மாற்றினால் மாதக் கடைசிக் கணக்கு உதைக்கிறது, போன டிக்கெட்டில் அவள்தான் அதோடு நான்கு நாள் போராடியவள். லீடுக்கு அது தெரியாது. அந்த அறையில் வேறு யாருக்குமே தெரியாது. அன்றையிலிருந்து எந்த டீமிலும் எனக்கு ஒரே ஒரு விதி, பெரிய எண் வைத்தவர் முதலில் பேசுவார், லீட் கடைசியில் பேசுவார்.

எண்கள் நல்லவைதான், அவை பேச்சைத் தொடங்கிவைக்கும் வரை. ஆனால் அதே எண்கள் மேலே போய் இலக்காகத் திரும்பி வரும்போது எல்லாம் கெட்டுப்போகிறது. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ஸ்பிரிண்டுக்கு ஸ்பிரிண்ட் வெலாசிட்டி, அதாவது முடிக்கிற ஸ்டோரி பாயிண்டின் மொத்தம், பத்து சதவீதம் ஏற வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஏறியது. போன மாதம் 3 போட்ட வேலைக்கு இந்த மாதம் 5 போட்டார்கள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே நடந்தது. அஜைல் அறிக்கையில் கையெழுத்திட்ட பதினேழு பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயிண்டைத் தானே கண்டுபிடித்திருக்கலாம், அப்படியானால் அதற்காக வருந்துவதாக எழுதியிருக்கிறார். ஸ்கிரம் கையேட்டிலும் 2011-ல் ஒரு திருத்தம் வந்தது: ஸ்பிரிண்டில் எவ்வளவு முடியும் என்று டீம் சொல்வதைக் குறிக்க அதுவரை இருந்த "கமிட்மெண்ட்" போய் "ஃபோர்காஸ்ட்" வந்தது. ஒரு சொல்தானே என்று நினைக்க வேண்டாம். கமிட் செய்வது என்றால் நமக்கு வாக்குக் கொடுப்பது. வாக்குக் கொடுத்தவன் அதைக் காப்பாற்றியாக வேண்டும், முடியாவிட்டால் மறைத்தாக வேண்டும். இன்றைக்குத் தெரிந்ததை வைத்து இவ்வளவு வரும் என்று தோன்றுகிறது என்று சொன்னவர், நாளைக்குப் புதிதாக ஒன்று தெரிந்தால் கூச்சமில்லாமல் மாற்றிச் சொல்லலாம். இத்தனை வருடம் ஆகியும் ஸ்பிரிண்ட் பிளானிங் கடைசியில் "எல்லாரும் கமிட் பண்றீங்களா?" என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் போகவில்லை.

மதிப்பீடு போடுவதே வேலையைத் தின்றுவிடும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2004-ல் மைக்ரோசாஃப்ட்டின் உள் பயன்பாட்டு மென்பொருள்களைப் பராமரித்த ஒரு சிறிய டீம், வேலை செய்தவர்கள் ஹைதராபாத்தில். ஒரு மாற்றக் கோரிக்கை கொடுத்தால் முடிந்து வர சுமார் ஐந்து மாதம். வாடிக்கையாளர்கள் வெறுத்துப்போயிருந்தார்கள். அப்போது மைக்ரோசாஃப்ட்டில் இருந்த டேவிட் ஆண்டர்சன் அந்த டீமின் மேனேஜரோடு சேர்ந்து உட்கார்ந்து பார்த்தபோது, டீமின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மதிப்பீடு போடுவதிலேயே போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. புதுக் கோரிக்கை வந்ததும் கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிட்டு மதிப்பீடு போட வேண்டும், மதிப்பீடு போட்டதில் பல கடைசியில் செய்யப்படவே இல்லை. மதிப்பீட்டை நிறுத்தினார்கள், ஒரே நேரத்தில் கையில் இருக்கக்கூடிய வேலைக்கு வரம்பு வைத்தார்கள், ஒன்று முடிந்தால்தான் அடுத்தது உள்ளே வரும். ஒரு வருடம் போல ஆனபோது ஐந்து மாதம் இரண்டு வாரம் ஆகியிருந்தது. இப்படிக் கையிலிருக்கிற வேலைக்கு வரம்பு வைக்கிற கான்பன் முறை மென்பொருள் வேலைக்கு வந்த கதையில் இது முக்கியமான கட்டம். ஹைதராபாத்தில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் நம்மைப் போன்ற டெவலப்பர்கள், டெஸ்டர்கள்தான்.

எங்கள் ஆறாவது மாடி போர்டில் நான் முதல் வாரம் எண்ணியபோது நடுவில், அதாவது ஆரம்பித்து முடியாமல், 23 கார்டு இருந்தது, வாரத்துக்கு முடிந்து வெளியே போனது நான்கு. ஜான் லிட்டில் என்ற பேராசிரியர் வரிசைகளைப் பற்றி 1961-ல் நிரூபித்த கணக்கு ஒன்று உண்டு, உள்ளே இருப்பதை வெளியே போகும் வேகத்தால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு. இருபத்துமூன்றை நான்கால் வகுத்தேன், கிட்டத்தட்ட ஆறு வாரம். இரண்டு வார ஸ்பிரிண்டில் "முடிச்சிடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்த டீம், ஒரு வேலையைத் தொட்டு முடிக்க ஆறு வாரம் எடுத்துக்கொண்டிருந்தது. இதை நான் தீபாவளித் தையல்காரரை வைத்துத்தான் எப்போதும் விளக்குவேன். வருகிற துணியையெல்லாம் வாங்கிப்போட்டு, எல்லாருக்கும் "கொடுத்திடறேன்க்கா" சொல்லி, எல்லாத் துணியையும் வெட்டி வைத்துவிட்டு, முந்தின நாள் ராத்திரி கை இல்லாத நாற்பது சட்டையோடு உட்கார்ந்திருப்பவர் ஒருவர். பத்து நாள் முன்னாலேயே "தீபாவளி ஆர்டர் எடுப்பதில்லை" என்று அட்டை தொங்கவிட்டுவிட்டு, வாங்கியதைத் தைத்துக் கொடுக்கிறவர் இன்னொருவர். உங்கள் குழந்தையின் துணியை யாரிடம் கொடுப்பீர்கள் என்று கேட்பேன், இதற்குப் பதில் சொல்ல யாருக்கும் யோசனை தேவைப்பட்டதில்லை.

ஆனாலும் வரம்பு வைப்பதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். 23-ல் பதினோரு கார்டு டெஸ்டிங் பத்தியில் கிடந்தது, டெஸ்டர்கள் மூன்றே பேர். புதிதாக எதையும் எடுக்காமல் டெவலப்பர்கள் டெஸ்டிங்குக்குக் கை கொடுங்கள் என்றேன். அறை இறுகிவிட்டது. ஒருவர் மெதுவாக, "நாங்க டெவலப்பர்ஸ் மேம்" என்றார். அந்தத் தொனியை எனக்கு நன்றாகத் தெரியும், இருபது வருடம் முன்பு டெஸ்டராக இருந்து கேட்ட அதே தொனி. நம் அலுவலகங்களில் இந்த ஏற்றத்தாழ்வு உண்மையாக இருக்கிறது, அதைத் தொடாமல் எந்த அஜைலும் வராது. கோபப்படாமல் ஒன்று செய்தேன். அந்த டெவலப்பரை ஒரு மூத்த டெஸ்டர் பெண்ணின் பக்கத்தில் அரை நாள் உட்காரவைத்தேன், அவர் எழுதிய பகுதியை அவள் எப்படிச் சோதிக்கிறாள் என்று பார்க்க மட்டும். தொகைக் கட்டத்தில் அவள் காற்புள்ளியோடு ஒரு எண்ணை ஒட்டினாள், ஸ்கிரீன் விழுந்தது. பின்னால் போகும் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினாள், பணம் இரண்டு முறை கழிந்தது. இருபது நிமிடத்தில் நான்கு டிஃபெக்ட். சாயங்காலம் அவர் தானாக வந்து, "நாளைக்கும் உக்காரட்டுமா?" என்றார். டெஸ்டிங் பத்தி ஐந்து கார்டுக்கு இறங்க ஐந்து வாரம் ஆனது, பில்லிங் கணக்கில் இந்த உதவி மணிநேரங்களை எந்தத் தலைப்பில் போடுவது என்று நடந்த விவாதத்தையும் சேர்த்து.

ஸ்பிரிண்ட் முடிவில் எது சரியாகப் போனது, எது போகவில்லை என்று டீம் பேசுகிற ரெட்ரோ கூட்டம் பற்றி ஒரு வலி உண்டு, சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு, வேறொரு இடத்தில், ரெட்ரோவில் பேசவே பேசாத ஒரு டீம். ஒவ்வொரு தடவையும் "எல்லாம் நல்லா போகுது" என்று எழுதி ஒட்டிவிட்டுப் போவார்கள். நான் விடவில்லை. பெயர் எழுத வேண்டாம், எந்த மொழியிலும் எழுதலாம், துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவில் போடுங்கள் என்றேன். மூன்றாவது தடவை டப்பா நிரம்பியது. கோட் ரிவ்யூ இல்லாமல், அதாவது எழுதிய நிரலை இன்னொருவர் பார்க்காமலே, இரண்டு முறை ப்ரொடக்‌ஷனுக்குப் போனதை ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, டீம் வாய் திறந்துவிட்டது என்று. இரண்டு மாதம் கழித்து அப்ரைசலில் அந்தச் சீட்டு ஒருவருக்கு எதிராக வந்து நின்றது. கையெழுத்தைப் பார்த்து யார் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர் அந்த வேலையை விட்டுவிட்டார். அடுத்த ரெட்ரோவில் டப்பாவில் ஒரு சீட்டுகூட இல்லை, நான் அங்கிருந்து கிளம்பும் வரை இல்லை. பேசச் சொன்னவள் நான், பேசினால் என்ன ஆகும் என்று மேலே இருக்கிறவர்களிடம் முன்கூட்டி உறுதி வாங்காதவளும் நான். இன்றைக்கும் எந்த டீமுக்குப் போனாலும் முதல் வாரமே மேனேஜரிடமும் மனிதவளத்துறையிடமும் கேட்டு வாங்குகிறேன்: ரெட்ரோவில் வருவது எதுவும் எந்த அப்ரைசல் படிவத்திலும் ஏறாது, மெயிலில் எழுதிக் கொடுங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கே நான் ரெட்ரோ நடத்துவதில்லை, பிளானிங்கும் போர்டும் மட்டும் பார்க்கிறேன்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார், எண்கள் தலைகீழாக வந்தன, நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. பிறகுதான் புரிந்தது, அங்கே தவறைப் பற்றிப் பேச முடிகிறது, அதனால் பதிவாகிறது. நான் இதை மேலாளர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். அஜைல் வந்த முதல் இரண்டு மூன்று மாதம் உங்கள் ஷீட்டில் சிவப்பு கூடும். டிஃபெக்ட் எண்ணிக்கை கூடும். "தெரியலை" என்ற பதில் கூடும். அதைப் பார்த்துப் பயந்து பழையபடி டிக் போட ஆரம்பித்துவிடாதீர்கள், அதெல்லாம் முன்பும் இருந்ததுதான், இப்போதுதான் உங்கள் கண்ணில் படுகிறது.

ஆறாவது மாடி டீமில் நான்காவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி. கிளையண்ட் காலில் நானும் உட்கார்ந்திருந்தேன், பேசுவதற்கு இல்லை, கேட்பதற்கு. மேனேஜர் ஷீட்டைத் திறந்தார், பதினெட்டு வரியில் மூன்று சிவப்பு. "ரீஃபண்ட் பகுதி இந்த மாசம் வராது" என்று இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார், "மத்ததெல்லாம் வரும், ஏன்னு எங்க டீம்லயே ஒருத்தங்க சொல்வாங்க." லைனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அந்தப் பக்கம் யாரோ பேனாவைத் தட்டுவது மட்டும் கேட்டது. லீட் என்னைப் பார்த்தார். அப்புறம் கிளையண்ட், சரி, ரீஃபண்டில் எந்தப் பாதி முதலில் கிடைத்தால் எங்களுக்கு உதவும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று கேட்டார். 13 சீட்டை மேசைக்குக் கீழே மறைத்த அந்தப் பெண் மைக்கை ஆன் செய்தாள்.